ஈச்ச மரம் வணங்கியது ஏன்? செடிகளின் ரகசியம் தேடிய ஜகதீச சந்திர போஸ்

ஆடி மாதம் பிறந்து ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் போதும். சேலம், நாமக்கல் சீமையின் மானாவாரிக் காடுகளில் நிலக்கடலை விதைப்பு தொடங்கிவிடும்.

உழவு சாலில் பெண்கள் கடலைப் பருப்பைப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். ஒரு பருப்பு நேராக விழும். ஒன்று தலைகீழாக விழும். இன்னொன்று ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். யாரும் குனிந்து ஒவ்வொரு பருப்பையும் சரி செய்வதில்லை. மண்ணை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

சில நாளில் காடு முழுவதும் முளைத்துவிடும். எல்லாச் செடிக்கும் வேர் கீழே, குருத்து மேலே! தலைகீழாக விழுந்த பருப்பும் வழி தவறுவதில்லை.

கடலைச் செடி அத்தோடு நிற்பதில்லை. பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. காயோ மண்ணுக்குள் காய்க்கிறது. பூ கருவுற்றதும் ஊசி போல் ஒரு விழுது புறப்பட்டு, நேராகக் கீழே இறங்கி மண்ணைத் துளைக்கிறது. அதன் நுனியில்தான் காய் பிடிக்கிறது.

மரவள்ளியைப் பாருங்கள். ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் கிழங்குக் குச்சி நடும்போது ஒரு குச்சி தவறித் தலைகீழாகப் போய்விட்டாலும், அதன் கணுவில் வெடித்த தளிர் வளைந்து வானத்தையே நோக்கும்.

மண்ணுக்குள் ஒரே இருட்டு. வேருக்குக் கண் கிடையாது. அப்படியிருக்க, கீழ் எது, மேல் எது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். அவர்தான் சர் ஜகதீச சந்திர போஸ்.

கொள்ளைக்காரன் தோளில் சவாரி

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி போஸ் பிறந்தார். ஊர் மைமன்சிங். அது இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தை பகவான் சந்திர போஸ் பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தார். அந்தக் காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலம் கற்குமுன் பிள்ளை தாய்மொழியைக் கற்க வேண்டும், சொந்த மக்களை அறிய வேண்டும் என்று எண்ணினார். ஜகதீசனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார்.

வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு முஸ்லிம் சேவகரின் மகனும், ஒரு மீனவரின் மகனும். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளும், மீன் கதைகளும், நீர்வாழ் பிராணிகளின் கதைகளும் சிறுவனின் மனதில் ஆழமாகப் பதிந்தன. இயற்கையின் மேல் ஆசை பிறந்தது அங்கேதான்.

சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றவன் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரன்! பகவான் சந்திரர்தான் அவனைச் சிறைக்கு அனுப்பியவர். விடுதலையாகி வந்தவனுக்குப் பிழைக்க வழியில்லை. அவரே அவனைத் தம் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவன் தோளில் ஏறிக்கொண்டு, பழைய சண்டைக் கதைகளைக் கேட்டபடியே ஜகதீசன் பள்ளிக்குப் போவான். மனிதன் திருந்துவான் என்று நம்பிய தந்தையின் வளர்ப்பு அது.

டாக்டர் ஆகாத மாணவர்

கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் போஸ் படித்தார். அங்கே லாபோன் பாதிரியார் பௌதிகப் பாடத்தைச் சோதனைகள் செய்து காட்டி நடத்துவார். கையால் செய்து, கண்ணால் பார்த்து நம்பும் பழக்கம் போஸுக்கு அவரிடம் வந்தது.

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனால் ஊரிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்த காய்ச்சல் அவரை வாட்டியது. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் பிரான்சிஸ் டார்வின். உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வினின் மகன் அவர். தந்தையும் மகனுமாகச் சேர்ந்து செடிகளின் அசைவுகளை ஆராய்ந்து, 1880-ல்தான் ஒரு பெரிய நூல் வெளியாகியிருந்தது.

வேரின் நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, வேரைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? வேர் தொடர்ந்து வளர்கிறது. ஆனால் கீழ்நோக்கி வளைவதில்லை! சில நாளில் புது நுனி முளைத்த பிறகே வளைகிறது. ஆகவே, கீழ் எது என்பதை உணர்வது வேரின் நுனிதான் என்று டார்வின் எழுதினார்.

இதற்கும் முன்னால், 1806-ல், நைட் என்ற ஆங்கிலேயர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். வாய்க்கால் நீரால் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்க வைத்தார். ராட்டினத்தில் சுற்றும்போது நம்மை வெளிப்பக்கம் தள்ளுவது போல, அந்த விதைகளையும் சுழற்சி வெளியே தள்ளியது. வேர்கள் வெளிப்பக்கமாகவும், குருத்துகள் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வளர்ந்தன. வேர் தேடுவது ஈரத்தையோ இருட்டையோ மட்டும் அல்ல, தன்னை இழுக்கும் விசையையும் அது உணர்கிறது என்பது அதனால் புலனாயிற்று. பூமியில் அந்த விசை பூமியின் ஈர்ப்பு சக்திதான்.

மூன்று வருஷம் சம்பளம் இல்லை

1885-ல் போஸ் தாய்நாடு திரும்பினார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது.

ஆனால் ஓர் அநீதி காத்திருந்தது. அதே வேலை செய்யும் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம். இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் வேலை தற்காலிகம் என்று சொல்லி, அதிலும் பாதியாகக் குறைத்தார்கள். ஆகக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு!

போஸ் கோபித்துக்கொண்டு வேலையை விடவில்லை. கூச்சலும் போடவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. மூன்று வருஷம்!

அப்போது வீட்டு நிலைமை எப்படி? தந்தை பொது நன்மைக்காக நடத்திய தொழில்கள் நஷ்டமாகி, கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 1887-ல் போஸுக்குத் திருமணமும் ஆயிற்று. மணப்பெண் அபலா தேவி. பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமான அந்நாளில், சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். உடல்நலம் கெட்டதால் அந்தப் படிப்பை முடிக்க முடியாமல் போயிற்று.

அந்தக் குடும்பத்தில் பணம் இல்லை, மானம் இருந்தது. இல்லாமையை இருவரும் சேர்ந்தே தாங்கினார்கள்.

கடைசியில் கல்லூரி பணிந்தது. முழுச் சம்பளம் தருவதாக ஒப்புக்கொண்டு, மூன்று வருஷத்து பாக்கியையும் ஒரே தொகையாகக் கொடுத்தது. அந்தப் பணத்தை போஸ் தந்தையின் கடனை அடைக்கப் பயன்படுத்தினார்.

தகரக் கொல்லரும் மேதையும்

கல்லூரியில் ஆராய்ச்சிக்கூடம் என்று ஒன்றும் இல்லை. கிடைத்த ஒரு சின்ன அறையில், ஒரு தகரக் கொல்லரின் துணையோடு, போஸ் தம் கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஓர் அதிசயம் காட்டினார். ஓர் அறையிலிருந்து கம்பியில்லாமல் மின் அலையை அனுப்பினார். அது சுவரைக் கடந்து சென்று, தூரத்தில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தைப் பற்ற வைத்தது! கம்பியில்லாத் தந்தியும் வானொலியும் பரவுவதற்கு முன் நடந்த காரியம் இது.

இதைக் கொண்டு அவர் கோடீசுவரர் ஆகியிருக்கலாம். ஒரு தந்திக் கம்பெனிக்காரர் அவரைத் தேடி வந்து பேரமும் பேசினார். அறிவை விற்க போஸுக்கு மனமில்லை, மறுத்துவிட்டார்.

அவர் மனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் இருந்தது செடி.

நிராகரித்த சங்கம்

தொட்டால் சுருங்கியைத் தொட்டால் இலை மூடிக்கொள்வதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் முட்டைக்கோசும் முள்ளங்கியும்? அவற்றைத் தொட்டாலும் கிள்ளினாலும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் உள்ளே ஒரு மின் அதிர்வு ஓடுகிறது என்று போஸ் கருவி வைத்துக் காட்டினார். சாதாரணச் செடிக்கும் உணர்ச்சி விளைவு உண்டு என்பது அவர் வாதம்.

1901-ல் லண்டன் ராயல் சங்கத்தின் முன் இதைச் சொன்னார். அந்தத் துறையின் பெரும் புள்ளியான பர்டன் சாண்டர்சன் எழுந்து மறுத்தார். சாதாரணச் செடிகளில் இப்படி நடக்கவே முடியாது என்றார். கட்டுரையில் சில சொற்களை மாற்றிக்கொள்ளும்படி யோசனையும் கூறினார். கண்ணால் கண்டதை மாற்றி எழுத போஸ் சம்மதிக்கவில்லை. சங்கம் கட்டுரையை அச்சிடவில்லை.

வேறு யாராவது இருந்தால் இடிந்து போயிருப்பார்கள். போஸ் கட்டுரைகளைப் புத்தகங்களாக எழுதினார். 1902, 1906, 1907, 1913 என்று புத்தகங்கள் வரிசையாக வெளிவந்தன.

செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றையும் செய்தார். கிரெஸ்கோகிராப் என்று அதற்குப் பெயர். நத்தையைவிட மெதுவாக வளரும் செடி, அந்தக் கருவியில் கண்ணுக்கு எதிரே வளர்ந்தது!

1917-ல், தம் பிறந்த நாளான நவம்பர் 30-ந் தேதி, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டார். 1920-ல், முன்பு கதவடைத்த அதே ராயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

வணங்கும் மரம்

இந்தச் சமயத்தில்தான் பரீத்பூரிலிருந்து ஒரு விந்தையான செய்தி வந்தது. போஸ் சிறுவனாக வளர்ந்த அதே ஊர்ப் பக்கம்!

அங்கே ஓர் ஈச்ச மரம். புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே வளர்ந்தது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அது தலை குனிந்து மண்ணைத் தொடும். காலையில் மறுபடி நிமிரும். மரம் சாமி கும்பிடுகிறது என்று ஜனங்கள் திரண்டார்கள்.

போஸ் மரத்தில் கருவியைப் பொருத்த அனுமதி கேட்டார். மரத்துக்காரர் தயங்கினார். அன்னியக் கருவி பட்டால் மரத்தின் மகிமை போய்விடும் என்று பயந்தார். கருவி இந்த நாட்டிலேயே செய்தது என்றும், அதைப் பொருத்தப் போகிறவர் ஒரு பூசாரியின் மகன் என்றும் போஸ் தெரிவித்தார். மரத்துக்காரரின் மனம் இளகியது.

கருவி இரவும் பகலும் கோடு போட்டது. கோடு சொன்ன சேதி இதுதான்: மரம் மணியோசைக்குக் குனியவில்லை. வெயில் ஏற ஏறக் குனிந்தது. குளிர்ச்சி வர வர நிமிர்ந்தது.

சாய்ந்த மரம் பூமியின் இழுப்பை உணர்கிறது. உணர்ந்து, அதற்கு எதிராக நிமிரப் பார்க்கிறது. வெப்பம் ஏறும்போது அந்த முயற்சி தளர்கிறது. குளிரும்போது வலுக்கிறது. இதுவே அந்த வணக்கத்தின் ரகசியம்.

இது உயிரின் செயலா, வெறும் கட்டையின் நெளிவா? பின்னால் அதற்கும் விடை கிடைத்தது. அந்த மரம் பட்டுப்போயிற்று. அதோடு அசைவும் நின்றுபோயிற்று.

ஜனங்களின் நம்பிக்கையை போஸ் கேலி செய்யவில்லை. அவர்கள் கண்டது பொய் அல்ல. காரணம்தான் வேறு என்று விளக்கினார்.

ஊசி காட்டிய இடம்

பூமியின் இழுப்பைச் செடி எங்கே உணர்கிறது? போஸ் மெல்லிய பிளாட்டின ஊசியைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தினார். தண்டைப் படுக்க வைத்தார். ஊசி ஓர் அடுக்கைத் தொட்டபோது மின் அளவு உச்சத்துக்கு ஏறியது. அந்த அடுக்கில் இருந்தவை மாவு மணிகள்!

ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலம் சீமை மக்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலாக்கித் தொட்டியில் விட்டால், மாவு மெல்ல அடியில் படிகிறது அல்லவா? அதே மாதிரி மாவு மணிகள்தான் வேர் நுனியில் உள்ள சில அறைகளிலும் இருக்கின்றன. செடியைச் சாய்த்தால், மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்தில் படிகின்றன. மாவு படிந்த பக்கம்தான் கீழ்ப்பக்கம் என்று செடி அறிகிறது. இந்தக் கருத்தை 1900-ல் ஹேபர்லாண்ட், நெமெக் என்ற இரு ஐரோப்பிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். தண்டைப் பொறுத்தவரை போஸின் ஊசி அதற்குச் சாட்சி சொன்னது.

ஒரே இழுப்புக்கு வேர் கீழேயும் தண்டு மேலேயும் வளைவது ஏன்? தண்டில் உணரும் இடமும் வளையும் இடமும் ஒன்று. வேரிலோ நுனி உணர்கிறது; சற்றுத் தள்ளியுள்ள பகுதி வளைகிறது. நேரில் பட்டால் சுருங்கும், தூரத்திலிருந்து செய்தி வந்தால் விரியும். அதனால்தான் எதிரெதிர் வளைவு என்று போஸ் கணித்தார்.

இந்தக் கணிப்பின் பின்பாதி நிலைக்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் உக்ரைனில் கொலோட்னியும், ஹாலந்தில் வென்ட்டும் தனித்தனியே வேறு விளக்கம் தந்தார்கள். ஆக்சின் என்ற வளர்ச்சிச் சாறு கீழ்ப்பக்கம் அதிகமாகச் சேர்கிறது. வேரில் அது வளர்ச்சியைத் தடுக்கும்; தண்டில் வளர்ச்சியைத் தூண்டும்.

இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடத்து மாடு மெதுவாகவும் வலத்து மாடு வேகமாகவும் நடந்தால், வண்டி இடப்பக்கம் திரும்பும். வேரின் கீழ்ப்பக்கம் மெதுவாக வளர்கிறது. மேல்பக்கம் வேகமாக வளர்கிறது. வேர் கீழே திரும்புகிறது. தண்டில் கீழ்ப்பக்கம் வேகமாக வளர்வதால் தண்டு மேலே திரும்புகிறது.

மரத்தில் நீர் ஏறுவது பற்றி போஸ் கூறிய கருத்தையும் பிற்காலத்தார் ஏற்கவில்லை. ஆனால் எதற்காக அவரை 1901-ல் மறுத்தார்களோ, அது நிலைத்தது. சாதாரணச் செடிகளின் உடலிலும் மின் சைகைகள் ஓடுகின்றன என்பதை இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது.

மேதையும் சில இடங்களில் தவறுவார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வீண் போவதில்லை.

வானத்தில் தட்டைப்பயறு

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, கிரிடி என்ற ஊரில் போஸ் காலமானார். 79-வது வயது நிறைய ஒரே ஒரு வாரம் இருந்தது. பெண் கல்விக்கு உழைத்த அபலா தேவி 1951-ல் மறைந்தார். அவர்கள் வளர்த்த ஆராய்ச்சி நிலையம் கல்கத்தாவில் தொடர்ந்து நடந்து வருகிறது.

போஸ் தேடிய கேள்வி வானத்துக்கும் போய்விட்டது. 2024 டிசம்பர் 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய ராக்கெட்டில் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் சென்றன. எடையே தெரியாத விண்வெளியில் நான்கே நாளில் அவை முளைத்தன. கீழ் என்று ஒன்று இல்லாத இடத்தில் செடி எப்படி வளரும் என்பதை அறிய எடுத்து வைத்த அடி அது.

அதே தட்டைப்பயறு நம் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது. நாலு பயற்றை ஊற வையுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரின் உள்பக்கம் ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயற்றைச் செருகுங்கள். வேர் ஓர் அங்குலம் இறங்கியதும், தம்ளரைப் படுக்க வைத்து இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் குழந்தைகளை அழைத்துக் காட்டுங்கள். வேர் நுனி வளைந்து மறுபடி கீழே திரும்பியிருக்கும். பார்த்தபின் குழந்தைகள் ஏன் என்று கேட்பார்கள். அதட்டாமல் பதில் சொல்லுங்கள். வங்காளிப் பள்ளியில் மீனவர் மகன் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுவனும் அப்படித்தான் ஏன் என்று கேட்கத் தொடங்கினான்.